விதை விழிப்பதும் செடி வளர்வதும்: தாவர ஹார்மோன்கள் பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மழையை நம்பி நெல்லும் கடலையும் உளுந்தும் போடுகிறவர்கள், கொல்லையில் முருங்கையும் மல்லிகையும் வளர்ப்பவர்கள், பத்தாம் வகுப்பில் தாவர ஹார்மோன் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை. உரக்கடையில் 'ஊக்கி' பாட்டிலை வாங்கும் முன், செடி தனக்குள்ளேயே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பதில்களும் அதை ஒட்டியே இருக்கும்.

தாவர ஹார்மோன் என்றால் ஒருவகை உரமா?

இல்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் செடி தன் உடம்பைக் கட்ட எடுத்துக்கொள்ளும் பொருள்கள். வயலுக்கு மூட்டைக் கணக்கில் தேவைப்படும். ஹார்மோனைச் செடியே தயாரித்துக்கொள்கிறது. அது வேலை செய்யும் அளவு மிகச் சொற்பம். பல சமயம் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நம் உடம்பில் இருப்பதுபோல இதற்குத் தனிச் சுரப்பி கிடையாது. தண்டின் நுனி, இளம் இலை, வேர், முற்றும் விதை, பழுக்கும் காய் என்று எங்கும் உண்டாகும்.

பள்ளிப் பாடத்தில் ஐந்து வரும்: ஆக்சின், ஜிப்ரெல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலின். பட்டியல் அதோடு முடியவில்லை. 1979-ல் கடுகு இனச் செடி ஒன்றின் மகரந்தத்திலிருந்து பிராசினோலைடைப் பிரித்தெடுத்தார்கள். கிளைப்பதை அடக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் ஒரு ஹார்மோன் என்பது 2008-ல்தான் உறுதியானது.

இதில் ஒன்றை மட்டும் மனதில் நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். தண்டை நீள வைக்கிற அதே அளவு ஆக்சின், வேரில் பட்டால் வேரின் நீட்சியைத் தடுத்துவிடும். ஆகவே எந்த ஹார்மோன் என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு, கூட வேறு என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் பதில் முழுமையாகும்.

விதை முளைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நெல்லையே எடுத்துக்கொள்வோம். கதிரில் மணி முற்றும்போது அதற்குள் அப்சிசிக் அமிலம் ஏறுகிறது. முளைக்காதே, காய்ந்துபோ, காய்ந்தாலும் உயிரைப் பிடித்துக்கொள் என்று கருவைத் தயார் செய்வது அதுதான். நீர் வற்றினாலும் செல்லைச் சிதையாமல் காக்கும் புரதங்கள் அப்போது சேர்கின்றன. அதனால்தான் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் நெல் உயிரோடு இருக்கிறது.

நாற்றங்காலுக்கு விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரச் சாக்கில் இன்னொரு 24 மணி நேரம் மூட்டம் போடுகிறோமே, அந்த இரண்டு நாளில் நிலைமை தலைகீழாகிறது. தண்ணீர் ஏறியதும் அப்சிசிக் அமிலம் சிதையத் தொடங்குகிறது, கரு ஜிப்ரெல்லினைத் தயாரிக்கிறது. இந்த இரண்டில் எதன் கை ஓங்குகிறது என்பதே விதை உறங்குமா விழிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒரே விதைக்குள் எப்போதும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், விகிதம்தான் மாறுகிறது.

கருவிலிருந்து கிளம்பும் ஜிப்ரெல்லின், மாவுப் பகுதியைச் சுற்றியுள்ள அலூரான் அடுக்கைச் சென்றடைகிறது. அங்கே டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சிக்கான ஜீன்களை அடக்கி வைத்திருக்கின்றன. ஜிப்ரெல்லின் தன் ஏற்பியோடு சேர்ந்து இந்தப் புரதங்களைப் பிடித்துக் கொடுக்க, செல் அவற்றைச் சிதைத்துவிடுகிறது. தடை நீங்கியதும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி உற்பத்தியாகி மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. முளையின் முதல் சாப்பாடு அந்தச் சர்க்கரை. முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் சாதாரண மாவைவிட இளகலாகவும் லேசான இனிப்போடும் இருப்பதற்குக் காரணம் இந்த நொதிதான்.

இதை நிரூபித்த சோதனை மிக எளிமையானது. பார்லி விதையைக் குறுக்கே வெட்டி, கரு இல்லாத பாதியைத் தண்ணீரில் போட்டால் மாவு கரைவதில்லை. அதே தண்ணீரில் துளி ஜிப்ரெல்லின் சேர்த்தால் கரைகிறது. 1960 வாக்கில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் தனித்தனியே இதைக் கண்டார்கள். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு பிளேடும் ஒரு விதையும் எவ்வளவு பெரிய விஷயத்தை வெளிக்கொண்டுவந்தன!

புழுதியில் விதைத்த நெல் மழைக்காகக் காத்திருக்கிறதே, சின்னத் தூறலில் முளைத்துக் காய்ந்துவிடாதா?

அந்த ஆபத்து உண்டு. நம் சிவகங்கைச் சீமையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் புழுதி விதைப்பு செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகத் தெரியும். விதை ஓரளவு தண்ணீர் குடித்து, முளைவேர் வெளியே வராத கட்டம் வரை மறுபடி காய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். முளைவேர் நீண்ட பிறகு காய்ந்தால் பெரும்பாலும் செத்துவிடும்.

இந்த இடைவெளியைப் பயன்படுத்துவதுதான் விதையைக் கடினப்படுத்தும் முறை. மானாவாரி நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 1 சதவீதக் கரைசல், ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர், 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்குக் காயவைக்க வேண்டும். முளைப்பதற்கான உள்வேலைகள் பாதி நடந்து நிற்பதால், நல்ல மழை வந்ததும் இந்த விதை மற்றதைவிடச் சீக்கிரமாகவும் ஒரே சீராகவும் எழும்பும். நிழலில் காயவைப்பது முக்கியம். களத்து வெயிலில் போட்டுவிடாதீர்கள்.

விலை கொடுத்து வாங்கும் ஜிப்ரெல்லின் கரைசலில் நெல் விதையை நனைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நல்ல விதைக்குத் தேவையே இல்லை. நாற்று ஒல்லியாக நீண்டு போகும்.

புதுசாக அறுத்த விதை சரியாக முளைக்காததும், சில கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடுவதும் ஏன்?

இரண்டும் விதை உறக்கம் சம்பந்தப்பட்டவை. அறுத்த உடனே சில நெல் ரகங்களில் உறக்கம் கலைந்திருக்காது. உலர்வாக வைத்திருக்கும் சில வாரங்களில் அது தானாகக் குறையும். விதை கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட வேண்டியதில்லை.

கடலையில் கொடி ரகங்களுக்கு வாரக்கணக்கில் நீளும் உறக்கம் உண்டு. கொத்து ரகங்களில் பலவற்றுக்கு அது இல்லை, அல்லது மிகக் குறைவு. கொத்துக் கடலை முற்றி நிற்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் செடியில் இருந்தபடியே முளைத்துவிடும். முற்றியதும் நாளைக் கடத்தாமல் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கடலை உறக்கத்தைக் கலைப்பதில் எத்திலினுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உறங்காத விதை முளைக்கும்போது எத்திலினை அதிகமாக வெளிவிடுகிறது. உறங்கும் விதைக்கு வெளியிலிருந்து எத்திலின் கொடுத்தால் அது விழித்துக்கொள்கிறது.

சரக்கொன்றை, வேம்பு, பனைக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை, மூன்றும் மூன்று விதம். சரக்கொன்றை விதை முளைக்காததற்கு ஹார்மோன் காரணமே அல்ல. மேல்தோல் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. உப்புத்தாளில் ஓரத்தைத் தேய்த்து ஊறவைத்தால் விதை உப்பிவிடும், பிறகு முளைக்கும். அதற்குப் போய் ஊக்கி மருந்து வாங்கினால் காசுதான் நஷ்டம்.

வேப்பங்கொட்டை உறங்கவே உறங்காது. காய்ந்து கிடக்கவும் அதற்குத் தெரியாது. சில வாரங்களில் உயிர்ப்பை இழந்துவிடும் என்பதால் பழம் உதிர்ந்ததும் சதையைக் கழுவி விதைத்துவிட வேண்டும்.

பனை தனி அழகு. கொட்டையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது. கொட்டைக்குள்ளே பஞ்சுபோல வளரும் தவுண், கெட்டியான பருப்பைக் கரைத்துக் கீழே அனுப்புகிறது. அது போய்ச் சேரும் இடத்தில் திரள்வதைத்தான் பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு என்று அவித்துத் தின்கிறோம். தேங்காய்ப் பூவும் தவுண் செய்கிற அதே வேலையைத்தான் தேங்காய்க்குள் செய்கிறது.

முளைப்பாரி ஏன் வெளிர் மஞ்சளாக, அவ்வளவு உயரமாக வளர்கிறது?

அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும்போது விதை போட்ட மண் ஓடுகளை இருட்டு அறையில் வைக்கிறோம். இருட்டில் முளைத்த செடி, தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. கையிருப்பை எல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழிக்கும். இலையை விரிக்காது, பச்சையம் செய்யாது. ஜிப்ரெல்லின், பிராசினோஸ்டீராய்டு (முன்பு சொன்ன பிராசினோலைடின் குடும்பம்), ஆக்சின் மூன்றும் சேர்ந்து இந்த நீட்சியை நடத்துகின்றன.

வெளிச்சம் பட்டதும் பைட்டோகுரோம் என்ற நிறமி அதை உணர்கிறது. நீட்சி நின்று, இலை விரிந்து, பச்சை ஏறுகிறது. ஊர்வலத்தில் வெயில் கண்ட முளைப்பாரி கொஞ்ச நேரத்தில் லேசாகப் பச்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கருவியும் இல்லாமல் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு பாத்திரத்தில் விதை போட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை இருட்டிலும் வைக்கச் சொல்லுங்கள்.

சின்ன விதைகள் பலவற்றுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும். பைட்டோகுரோம் ஒளியைக் கண்டதும் விதைக்குள் ஜிப்ரெல்லின் உற்பத்தி கூடுகிறது. உழுத சில நாளில் களை குப்பென்று கிளம்புவதற்கு இது ஒரு காரணம்: புதைந்து கிடந்த விதைகள் கணநேரம் வெளிச்சம் பார்த்துவிடுகின்றன.

முற்றத்து ஓரத்தில் வைத்த தொட்டிச் செடி வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறதே?

வளவு வீடுகளில் தாழ்வாரத்தில் தொட்டி வைப்பவர்கள் எல்லோரும் கேட்பது இது. வெளிச்சம் ஒரு பக்கமாக வரும்போது நுனியில் உண்டாகும் ஆக்சின் நிழல் பக்கம் நகர்கிறது. அங்கே செல்கள் அமிலத்தை வெளியேற்றி, செல்சுவரை இளக்கி, நீள்கின்றன. நிழல் பக்கம் கூடுதலாக நீண்டால் தண்டு வெளிச்சம் பக்கம்தானே வளையும்.

சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடிப் பார்த்து, ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே என்று 1880-ல் எழுதினார்கள். நெதர்லாந்தின் பிரிட்ஸ் வெண்ட் 1926-28 வாக்கில் ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி அகர் துண்டின் மேல் வைத்து, அதற்குள் இறங்கிய பொருளே, அதாவது ஆக்சினே, வளைவை உண்டாக்குகிறது என்று காட்டினார். தேர்வுக்கு இந்த இரண்டு பெயர் அவசியம். தொட்டிக்கு, வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்பி வையுங்கள்.

முருங்கையின் நுனியைக் கிள்ளினால் ஏன் பக்கக் கிளை வருகிறது?

நுனிக்குருத்திலிருந்து கீழே இறங்கும் ஆக்சின், பக்க மொட்டுகளை விழிக்கவிடாமல் வைத்திருக்கிறது. நுனி ஆதிக்கம் என்று பாடத்தில் வரும். ஆக்சின் மொட்டுக்குள் நேராக நுழைந்து தடுப்பதில்லை. அது ஸ்ட்ரைகோலாக்டோனைக் கூட்டி, சைட்டோகைனினைக் குறைக்கிறது. முன்னது மொட்டை அடக்கும், பின்னது எழுப்பும். நுனியைக் கிள்ளியதும் முதலில் ஓடிவருவது சர்க்கரை என்பதைப் பட்டாணிச் செடியில் 2014-ல் காட்டினார்கள். நுனிக்குப் போய்க்கொண்டிருந்த உணவு பக்க மொட்டுக்குத் திரும்ப, அது உடனே அசையத் தொடங்குகிறது.

விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கையை 75 சென்டிமீட்டர் உயரத்தில் கிள்ளச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். பலர் மனம் வராமல் விட்டுவிடுகிறார்கள். செடி ஒற்றையாக ஓங்கிப்போய், காய் எட்டாத உயரத்தில் தொங்கும். தயங்காமல் கிள்ளுங்கள். மல்லிகையைக் கவாத்து செய்வதிலும் இதே விதிதான்.

கவுனி போன்ற பாரம்பரிய நெல் ஓங்கி வளர்ந்து சாய்கிறது, குட்டை ரகங்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. இதிலும் ஹார்மோன் இருக்கிறதா?

முழுக்க முழுக்க இருக்கிறது. கதை ஒரு நோயிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானில் சில நெல் நாற்றுகள் மட்டும் வெளிறிப்போய் மற்றவற்றைவிட வெகு உயரமாக வளர்ந்து, மணி பிடிக்காமல் சாய்ந்துவிடும். பக்கானே, அதாவது கோமாளித்தன நோய் என்று நம் பாடநூலில் இருப்பது அதுதான். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே இதற்குக் காரணம் என்று எய்ச்சி குரோசாவா 1926-ல் காட்டினார். 1935-ல் யபூட்டா அந்தப் பொருளுக்கு ஜிப்ரெல்லின் என்று பெயரிட்டார். ஆரோக்கியமான செடியும் அதே பொருளைத் தானாகத் தயாரிக்கிறது என்பது அதற்கப்புறம் தெரிந்தது.

1966-ல் வெளியான ஐ.ஆர்.8 என்ற நெல் ரகம் குட்டையாக இருப்பதற்குக் காரணம், ஜிப்ரெல்லினைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று அதில் பழுதாகியிருப்பது. தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லிலிருந்து அந்த ஜீன் வந்தது. ஜீன் இன்னதென்று அடையாளம் கண்டது 2002-ல். தழைச்சத்தை அள்ளிப் போட்டாலும் ஓங்கிச் சாயாமல், வலுவை மணிக்குக் கொடுக்கிற நெல் அப்படித்தான் கிடைத்தது.

கவுனியில் அந்தப் பழுது இல்லை. அதன் உயரம் இயல்பானது. குட்டை ரகத்துக்குப் போடுகிற அளவு யூரியாவைக் கவுனிக்கும் போட்டால் கதிர் வந்த நேரத்தில் படுத்துவிடும். கவுனி வேண்டும் என்கிறவர்கள் தழைச்சத்தைக் குறைத்துப் பிரித்துப் போட வேண்டும், ஆளுயர வைக்கோலையும் வரவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெயில் நேரத்தில் இலை தொங்கி, சாயங்காலம் நிமிர்கிறது. செடிக்கு என்ன ஆகிறது?

வேர் எடுத்துத் தருவதைவிட இலை அதிகம் இழக்கிறது. மண் காயத் தொடங்கியதும் அப்சிசிக் அமிலம் கூடி, இலைத்துளையின் காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது, துளை மூடிக்கொள்கிறது. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது என்பதால் வளர்ச்சி நிற்கும். சாயங்காலமும் நிமிரவில்லை என்றால்தான் உடனே தண்ணீர் வேண்டும். நம் செம்மண் சீக்கிரம் காய்ந்துவிடுவதால், செடியடியில் சருகு மூடாக்கு போடுவதையே முதலில் சொல்வேன்.

உளுந்தில் பூ கொட்டுகிறது. என்.ஏ.ஏ. அடிக்கலாமா?

அடிக்கலாம், அளவும் காலமும் தப்பக் கூடாது. பூவும் பிஞ்சும் ஆக்சினை அனுப்பிக்கொண்டிருக்கும்வரை காம்பு பிடித்திருக்கும். வறட்சி, சூடு, சத்துக்குறை வந்தால் ஆக்சின் வரத்து குறைந்து, எத்திலினின் கை ஓங்கி, காம்பின் உதிர் அடுக்கில் செல்சுவர்கள் கரைந்து பூ விழுகிறது. என்.ஏ.ஏ. செயற்கை ஆக்சின். லிட்டருக்கு 40 மில்லிகிராம், பூக்கும் முன் ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை என்பது பரிந்துரை. 40 மில்லிகிராம் என்பது கலப்படமில்லாத பொருளின் அளவு. கடைப் பாட்டிலில் அதன் செறிவு குறைவாக இருக்கும் என்பதால், லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

'ரெண்டு மடங்கு அடித்தால் ரெண்டு மடங்கு நிற்கும்' என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஆப்பிள் தோட்டங்களில் இதே என்.ஏ.ஏ.யைப் பிஞ்சை உதிர்க்கவும் தெளிக்கிறார்கள், முற்றிய பழம் விழாமல் தடுக்கவும் தெளிக்கிறார்கள். பருவம் வேறு, பலன் வேறு.

சத்தும் ஊக்கியும் கலந்த 'பயறு ஒண்டர்' என்பதைப் பல்கலைக்கழகமே தயாரிக்கிறது. பூக்கும் சமயம் ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். உளுந்து பற்றிய சந்தேகத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையமும், மானாவாரிக்குச் செட்டிநாட்டிலேயே உள்ள ஆராய்ச்சி நிலையமும், குன்றக்குடி வேளாண் அறிவியல் மையமும் பக்கத்தில் இருக்கின்றன. கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால் அங்கே கேளுங்கள்.

குச்சி நட்டு வேர் பிடிக்க வைக்க எது நல்லது?

ஐ.பி.ஏ. என்ற ஆக்சின். செடியில் இயல்பாக இருக்கும் ஆக்சினான ஐ.ஏ.ஏ. வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும், ஐ.பி.ஏ. தாங்கும். புதுக்கோட்டைப் பக்கம் ஏராளமாக நிற்கும் தைல மரங்களில் குச்சியிலிருந்து பெருக்கியவை நிறைய. அந்தக் குச்சிகளின் அடியை இந்தப் பொடியில் தொட்டுத்தான் நடுவார்கள். முருங்கைப் போத்துக்கும் செம்பருத்திக்கும் பொடியே வேண்டாம், தானாக வேர்விடும். குச்சியைத் தலைகீழாக நடாதீர்கள். ஆக்சின் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் ஓடும். வேரும் அடிப்பக்கத்தில்தான் கிளம்பும்.

தேங்காய்த் தண்ணீர், தேமோர் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த கரைசல்), பஞ்சகவ்யம் இவற்றில் உண்மையிலேயே ஹார்மோன் இருக்கிறதா?

தேங்காய்த் தண்ணீரில் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். 1941-லேயே ஊமத்தைக் கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டினார் வான் ஓவர்பீக். அதில் செல்களைப் பிரிய வைப்பது எது என்ற தேடலும் சேர்ந்துதான் சைட்டோகைனின் வரை போனது. அந்த வகையில் முதலாவதான கைனெட்டின் 1955-ல் கிடைத்தது. இன்றும் திசு வளர்ப்புக் கூடங்களில் தேங்காய்த் தண்ணீர் உண்டு. பஞ்சகவ்யத்தைச் சோதித்தவர்கள் அதில் ஆக்சினும் ஜிப்ரெல்லினும் இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 100 லிட்டருக்கு 3 லிட்டர் என்பது வழக்கமான அளவு.

ஆனால் வீட்டில் செய்யும் கரைசலில் ஹார்மோன் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் இவற்றை நான் விரும்பிப் பயன்படுத்தச் சொன்னாலும், இத்தனை மகசூல் கூடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

எங்கள் அப்பத்தா மாங்காயை வைக்கோலில் மூடிப் பழுக்க வைப்பார். அதுவும் கார்பைடு போடுவதும் ஒன்றா?

ஒன்றல்ல. முற்றிய மாங்காய் தானே எத்திலின் வாயுவை வெளிவிடும். வைக்கோல் அதையும் சூட்டையும் பிடித்துவைக்கிறது. ஒரு காய் பழுத்தால் பக்கத்துக் காயும் பழுக்கும். வாழைத்தாரைப் புகைமூட்டம் போடும்போது புகையிலுள்ள எத்திலின் அந்த வேலையைத் தொடங்கிவைக்கிறது. கார்பைடு கல் ஈரம் பட்டால் அசிட்டிலின் வரும். கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சுகளும் வரும். இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது. எத்திலின் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது.

முற்றாத பிஞ்சை எதில் வைத்தாலும் தோல்தான் மஞ்சளாகும், ருசி வராது. எலுமிச்சை, திராட்சை, மாதுளை பறித்த பிறகு இப்படிப் பழுக்காது. கீரையையும் பழுத்த வாழையையும் ஒரே கூடையில் வைத்தால் கீரைதான் சீக்கிரம் மஞ்சளாகும்.

நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்தேன், வரப்போரத்து வெண்டையும் பருத்தியும் சுருண்டுவிட்டன. ஏன்?

2,4-டி செயற்கை ஆக்சின். ஐ.ஏ.ஏ.யைச் செடி தேவை முடிந்ததும் சிதைத்துவிடும். இதை அகல இலைச் செடிகளால் அப்படிச் சிதைக்க முடிவதில்லை. வளர்ச்சி கட்டுக்கடங்காமல் போய், தண்டு முறுக்கி, இலை விரல்போலக் குறுகி, செடி செத்துப்போகும். நெல் போன்ற புல்லினப் பயிர்கள் அதைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் தாங்குகின்றன. பருத்திக்குக் காற்றில் வந்த துளியே போதும். இதில் எஸ்டர் வகை ஆவியாகியும் பரவும், உப்பு வகை அந்த அளவுக்குப் பரவாது. பக்கத்தில் பருத்தி, பயறு, காய்கறி இருந்தால் எஸ்டரைத் தொடவேண்டாம். காற்று அசையாத காலையில், கைத்தெளிப்பானைத் தாழப் பிடித்து அடியுங்கள். களைக்கொல்லிக்கு என்று தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய டேங்கில் ஒட்டியிருக்கும் மிச்சமே அடுத்த வாரம் வெண்டைக்குப் போதுமானதாகிவிடும்.